கேஸுக்குக் கிடங்கு எங்கே? மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கச்சா எண்ணெயை யாரிடம் வேண்டுமானாலும் வாங்குவோம் என்று உங்கள் துறை மார்தட்டிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. 2022-க்கு முன் இரண்டு சதவீதம்கூட இல்லாத ரஷ்யாவின் பங்கு, இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கானது. நான் கேட்க வந்தது சமையல் எரிவாயுவைப் பற்றி.

நாம் எரிக்கும் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கத்தார், அமீரகம், சவுதி, குவைத் சரக்கு. பாரசீக வளைகுடாவின் வாசலான ஹார்முஸ் நீரிணை வழியாக வருவது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர்தான். அதற்குள் டேங்கர்கள் போக ஒரு தடம், வர ஒரு தடம், தலா மூன்று கிலோமீட்டர் அகலம். வடகரையில் 1979 புரட்சியில் பிறந்த ஈரான் அரசு. எதிர்ப்பக்கம் அந்தப் புரட்சியைக் கண்டு மிரண்ட மன்னராட்சிகளும், அவர்களுக்குக் காவலாக அமெரிக்கக் கடற்படையும். ஷியா-சன்னி, முடியாட்சி-புரட்சி, இஸ்ரேல் என அங்கே எரிவது எதையும் நாம் மூட்டவில்லை. பில் மட்டும் நமக்கும் வரும். 1990-ல் ஈராக் அதிபர் சதாமின் படை குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது, அங்கிருந்து நம்மவர் அனுப்பிய பணம் நின்றது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த கஜானா காலியாகி, 1991-ல் ஏறக்குறைய 47 டன் தங்கத்தை அடகு வைத்தோம்.

கச்சா எண்ணெய்க்காவது விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கொள்ளளவில் கிடங்கு இருக்கிறது. நிரம்பியிருந்தால் ஒன்பது நாள் சொச்சம் தாங்கும். கேஸுக்கு? விசாகப்பட்டினம் நிலத்தடிக் கிடங்கு 60,000 டன் கொள்ளும், மங்களூருவில் 80,000. நாடு ஆண்டுக்கு எரிப்பதோ சுமார் 3 கோடி டன். வகுத்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து இரண்டு நாளைக்குக் காணாது. மற்றதெல்லாம் துறைமுகத் தொட்டியிலும் பாட்டிலிங் ஆலையிலும் லாரியிலும் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு.

ஏழை வீடுகளுக்காக 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் பத்துக் கோடி வீடுகளுக்கு மேல் இணைப்புக் கொடுத்தது. விறகுப் புகையில் இருமிய பெண்களுக்கு அது விடுதலை. அதைக் குறை சொல்பவன் அடுப்பூதிப் பார்க்காதவன். ஆனால் இணைப்பு கூடிய வேகத்தில் கிடங்கு கூடவில்லை. டபுள் சிலிண்டர் வைத்திருக்கும் என் போன்றவர்கள் சமாளித்துவிடுவோம். ஒற்றைச் சிலிண்டர் வீடு என்ன செய்யும்? 19 கிலோ நீலச் சிலிண்டரை நம்பி விடிவதற்கு முன்பே பால் காய்ச்சும் டீக்கடைக்காரர்? தட்டுப்பாடு வந்தால் வீடுகளுக்கே முன்னுரிமை என்று முதலில் கைவைப்பது அவர் சிலிண்டரில்தான்.

2025 நவம்பரில் அமெரிக்காவிடம் 22 லட்சம் டன்னுக்கு ஒப்பந்தம் போட்டீர்கள். நல்லது. அது இறக்குமதியில் பத்தில் ஒரு பங்கு. கப்பல் வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவசரத்துக்கு உதவாது.

குறைந்தது முப்பது நாள் கேஸ் கையிருப்புக்குக் கிடங்கு கட்டுங்கள். இருப்பு எவ்வளவு என்பதை வாராவாரம் வெளியிடுங்கள். உஜ்வலா வீடுகளுக்கு இண்டக்‌ஷன் அடுப்பையும் மானியத்தில் கொடுங்கள். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது தெரியும், அதில் எனக்கும் உவப்பில்லை. ஆனாலும் அந்தக் கரியில் பெரும்பகுதி நம் சுரங்கத்தில் வெட்டியது, ஹார்முஸைக் கடந்து வருவதல்ல.

இவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள் என்பதை அடுத்த பட்ஜெட்டுக்கு முன் நாடாளுமன்றத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கேஸ் நுகர்வோர்