எடையை உரக்கப் படிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

உடல் பருமன் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். கவலைக்குரியதுதான். ஆனால் உணவையும் நடைப்பயிற்சியையும் பேசிய தலையங்கம், கேலியால் நொறுங்கும் மனத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வெட்கப்படுத்தினால் உடம்பு இளைக்காது. அந்த வேதனையிலேயே கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் பலர்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் எடையைப் பள்ளியில் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார்கள். எறிபந்து அணியில் இருந்த பிள்ளை, அப்புறம் விளையாட்டு வகுப்புக்கே போகவில்லை. மாணவர்களின் எடையைத் தனி அறையில் பார்த்து, விவரத்தைப் பெற்றோரிடம் மட்டும் சீட்டில் எழுதிக் கொடுக்கும்படி பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு தாய், தஞ்சாவூர்