நோட்டீஸையும் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சினிமா போஸ்டர் சேகரிப்பவர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். போஸ்டரின் அழகு, இன்று அதற்குக் கிடைக்கும் விலை எல்லாம் சரியாகவே வந்திருந்தன. ஆனால் படம் வருவதைச் சொல்லித் தெருவில் வீசிய நோட்டீஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மதுரைக்காரனான எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

போஸ்டர் பெரும்பாலும் சென்னையிலோ சிவகாசியிலோ அச்சாகி ஊர் ஊராகப் போகும். மதுரைச் சுவரில் ஒட்டியதும் திருநெல்வேலிச் சுவரில் ஒட்டியதும் ஒன்றுதான். நோட்டீஸ் அப்படியில்லை. அது இந்த ஊர் அச்சகத்தில், இந்த ஊர் தியேட்டருக்காக அடித்தது. என் அப்பா அப்படி ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தார். விநியோகஸ்தரிடமிருந்து கதாநாயகன், கதாநாயகி முகம் போட்ட பிளாக் (படம் அச்சிடும் அச்சுக்கட்டை) மட்டும் வரும். தியேட்டர் பெயர், காட்சி நேரம், கட்டணம், ‘நாளை முதல்’, ‘இன்றே கடைசி’, ‘காணத் தவறாதீர்கள்’ எல்லாம் அப்பா ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தவை. ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய தாளில் அடிப்பார்கள். தட்டி கட்டிய மாட்டு வண்டி கொட்டுச் சத்தத்தோடு தெருவுக்குள் வரும். உட்கார்ந்திருப்பவர் நோட்டீஸை அள்ளி வீசுவார், நாங்கள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிப் பொறுக்குவோம். படம் பார்க்கக் காசு இல்லாத வாரத்தில் அந்த நோட்டீஸ்தான் எங்களுக்குப் படம்.

1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர் இன்று இல்லை. 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்த இடம் அது. 1937இல் வந்த ‘சிந்தாமணி’ படத்தின் பெயரையே வைத்துக்கொண்ட சிந்தாமணி டாக்கீஸும் இல்லை. எந்தப் படம் எங்கே எத்தனை காட்சி ஓடியது, தரை டிக்கெட் என்ன விலை, பெஞ்ச் என்ன விலை, பெண்களுக்குத் தனி இடம் இருந்ததா என்பதெல்லாம் போஸ்டரில் கிடைக்காது. அதற்கு நோட்டீஸ்தான் வேண்டும். சுற்றுப்பட்டிகளில் நாலு மாதம் கூடாரம் போட்டுவிட்டு நகர்ந்துபோன டூரிங் டாக்கீஸ்களுக்கோ அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சியே இல்லை.

நோட்டீஸில் வருடம் போட மாட்டார்கள், ‘ஜூலை 12ந் தேதி வெள்ளிக்கிழமை முதல்’ என்று மட்டும் இருக்கும், அதனால் பயனில்லை என்று சேகரிப்பவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். மாதமும் தேதியும் கிழமையும் மறுபடி ஒன்றாகச் சேர 5, 6 அல்லது 11 ஆண்டுகள் ஆகும். படம் வெளியான வருடத்தை வைத்துக்கொண்டு பழைய காலண்டரைப் புரட்டினால் இரண்டு மூன்று வருடங்கள்தான் மிஞ்சும். அப்புறம் கட்டணத்தைப் பாருங்கள். அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867ஆம் வருடச் சட்டப்படி அதைப் போட்டே ஆகவேண்டும் என்று அப்பா சொல்வார். ஓரம் அழகாக இல்லை என்று அந்த வரியைக் கத்தரித்துவிட்டு ஃப்ரேம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று லேமினேஷன். சில வருடங்களுக்கு முன் ஒரு நோட்டீஸை நகல் எடுக்க ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பிப் போய்க் கேட்டபோது மூலத்தையே லேமினேஷன் பண்ணி நீட்டினார்கள். நல்லதுக்குத்தான் செய்தோம் என்றார்கள். இப்போது உள்ளே கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது, தாள் பழுப்பேறிவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் அதோடு உரிந்து வரும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். செல்லோடேப்பும் வேண்டாம். மடிக்காமல், வெயில் படாமல், நல்ல வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் தட்டையாக வைத்தாலே போதும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தனி ஒரு மனிதர் புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்ட தாள்களையும் சேர்த்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நம் மதுரைத் தாள்களுக்கு மதுரையிலேயே ஓர் இடம் வேண்டும். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென்று ஒரு பிரிவு ஒதுக்கி, கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் வாங்கி வைக்கலாம். பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கதையைப் பாதி சொல்லி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் அந்தப் புத்தகங்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. உங்கள் இதழ் இந்தக் கோரிக்கையை எழுதினால் நூலகத்தார் காதில் விழும்.

அதுவரை, போகிக்குப் பரணை ஒழிக்கும் வாசகர்கள் பெட்டிகளின் அடியில் விரித்திருக்கும் தாளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்பா கோத்த நோட்டீஸ் என்னிடம் இருந்தவை இரண்டே. ஒன்றுதான் அந்த லேமினேஷனில் போனது. மற்றது அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் விரித்திருந்தது.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
செல்லூர், மதுரை.