மார்கழியில் எழுத வேண்டிய ஐந்தொகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. சென்ற வாரம் ஈரோட்டுக்கு வந்திருந்தபோது, புது வருடத்தில் கார் எடுக்கப் போவதாகவும், அதன் முன்பணத்துக்காகத் தை மாதம் தொடங்கும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை இரண்டாவது மாதமே ஏலத்தில் எடுத்துவிடப் போவதாகவும் சொன்னாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதால் அப்போது நான் ஒன்றும் பேசவில்லை. காரணத்தைக் கணக்காகக் காட்டாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்வது பெரியவர்கள் செய்யும் தவறு என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு. திருப்பூரில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற பிள்ளைகள் நம் சொந்தத்திலேயே பலர் இருப்பதால், உன்னிடம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் படிக்கும்படியாகவே இந்த ஐந்தொகையை, அதாவது வருடக் கணக்கை, எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவன் நான். வைகாசியில் நட்டு, தை மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து மூட்டையாகக் கொண்டுவரும் விவசாயிக்கு வருடத்தில் ஒரு முறைதான் கையில் பணம் வரும். அவர்களில் சிலர், காசாளரிடம் வாங்கிய பணத்தை எண்ணி முடித்ததும், கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து, உரக்கடைக்கு, பிள்ளையின் கல்லூரிக்கு, அடுத்த நடவுக்கு என்று ரப்பர் வளையம் போட்டுத் தனித்தனிக் கட்டாகப் பிரித்த பிறகே எழுந்து போவார்கள். 2010 இறுதியில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-இல் 5,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது, பேரேட்டில் அவர்களுடைய பக்கங்களில் பற்று, அதாவது மண்டிக்குத் தர வேண்டிய கடன், ஏறவில்லை. உச்ச விலையே நிலைக்கும் என்று நம்பி வீட்டு வேலை தொடங்கியவர்களின் பக்கங்களில்தான் ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் உன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஓவர்டைம் நின்றதே, அதுவும் இறங்கிய விலைதான். ஆகவே ஓவர்டைம் பணத்தை உன் வருமானத்தில் சேர்த்துக்கொள்ளாதே, வந்தால் வரட்டும்.

கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய் என்றாய். உன் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வருடம் உன் வீட்டில் நடந்த செலவுகளை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். பாப்பாவின் பள்ளிக் கட்டணம் 42,000, தீபாவளி 25,000, மொய்யும் சீரும் 36,000, ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு 9,000, வண்டிக்கான காப்பீடும் பழுதும் 8,000. ஆக 1,20,000 ரூபாய். ஜூன் மாதம் கட்டணம் கட்ட நகையை அடகு வைத்தபோது, எதிர்பாராத செலவு வந்துவிட்டது மாமா என்று போனில் சொன்னாய். பள்ளி ஜூனில் திறக்கும் என்பது எதிர்பாராததா? நோம்பி பங்குனியில் சாட்டுவார்கள் என்பதும், உன் மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து வரும் என்பதும் முந்தைய மார்கழியிலேயே தெரிந்தவைதான். தெரிந்த செலவு எந்த மாதத்தில் வந்தாலும் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு வைக்க வேண்டும். அப்படி வைத்தால் மாதம் 10,000 ரூபாய் உன்னுடையது அல்ல. உன் உண்மையான சம்பளம் 28,000 ரூபாய் என்று மனத்தில் பதித்துக்கொள். மற்றத் திட்டங்களை எல்லாம் அந்த எண்ணிலிருந்து தொடங்கு.

இந்தப் பத்தாயிரத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலியோடு அந்தக் கணக்கை இணைக்காதே. முதல் வருடம் ஜூனில் கொஞ்சம் இடிக்கும், ஏனென்றால் ஆறு மாதத்தில் சேருவது 60,000; அதற்குள் நோம்பியும், வைகாசி வரையிலான முகூர்த்தங்களின் மொய்யும், பள்ளிக் கட்டணமும் வந்துவிடும். அதனால் தீபாவளி போனஸில் மிச்சம் இருப்பதை முதல் தொகையாகப் போட்டு வை.

இனி சீட்டுக்கு வருகிறேன். இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம். முதல் மாதச் சீட்டு நடத்துபவருக்குப் போய்விடும். இரண்டாவது மாதம் நீ 30,000 ரூபாயைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து ஏலம் கேட்டால் உன் கைக்கு 70,000 வரும். அந்த 30,000-இல் நடத்துபவருக்கு 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்குப் பிரிந்து ஆளுக்கு 1,250 ஆகும். அந்த மாதம் 3,750 கட்டுவாய். பின்னால் போகப் போகத் தள்ளுபடி குறையும் என்பதால், மீதிப் பதினெட்டு மாதத்துக்குச் சராசரியாக 4,300 வைத்துக்கொள்வோம். நீ ஏற்கெனவே கட்டிய 8,750 ரூபாயைக் கழித்தால், உனக்கு உண்மையில் கிடைத்த கடன் 61,250; திருப்பிக் கட்டுவது 77,400. மாதாமாதம் குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால், நூற்றுக்கு மாதம் இரண்டரை ரூபாய்க்கு மேல் வருகிறது. இரண்டரை வட்டிக்கு ஒருவரிடம் கடன் கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். சீட்டு என்ற பெயரில் வரும்போது அந்தக் கூச்சம் இல்லாமல் போகிறது. நான் சீட்டுக்கு எதிரி அல்ல. இதே சீட்டைக் கடைசியில் எடுப்பவர் சுமார் 86,000 கட்டி 95,000 பெறுகிறார். ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருந்தால்தான் கடைசி வரை காத்திருக்க முடியும், உன் சீட்டுக்காரர் பதிவு செய்யவில்லை என்று நீயே சொன்னாய்.

பதிவைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில், மண்டியிலிருந்து கிடைத்த பணிக்கொடையில் ஒன்றரை லட்சத்தை நானே கொண்டுபோய்க் கட்டினேன். 2012-இல் நம் பக்கத்தில் அந்தத் தொழில் சரிந்தபோது முதலில் பணம் நின்றது. பிறகு தீவன வண்டி நின்றது. வண்டிச் சத்தம் எது கேட்டாலும் எனக்குக் கொடுத்திருந்த ஆறு ஈமு கோழிகளும் கம்பி வலையோரம் ஓடி வந்து கழுத்தை நீட்டி நிற்கும். உன் அத்தை வீட்டுக்கு வாங்கிய சோளத்தை அள்ளிப் போடுவாள். அந்தப் பணம் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. வங்கியில் போட்டால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நாம் சேர்க்கப்போவது அதற்குள் அடங்கும்.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பைத் தாண்டியதால் உனக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குடும்பம் உன்னுடையது. காருக்கு முன்னால் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடு. வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் கிடைக்கின்றன. அவற்றில் நீயும் உன் மனைவியும் சேர்ந்துவிடுங்கள். பாப்பாவுக்குப் பத்து வயது ஆவதற்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்க வேண்டும். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும்.

இப்போது கூட்டிப் பார். 28,000-இல் வாடகை 7,500, வீட்டுச் செலவு 13,500 போக மிஞ்சுவது 7,000. கார்க் கடனுக்கு மாதம் 9,000 தவணையும் சீட்டுக்கு 4,300-உம் கட்டினால், வாடகை போக வீட்டுச் செலவுக்கு 7,200 தான் இருக்கும். மளிகை, பால், மின்சாரம், பெட்ரோல் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க உன் மனைவியால் முடியாது. அந்த 7,000-இல் 2,000-ஐக் காப்பீட்டுக்கும் பாப்பாவுக்கும் ஒதுக்கிவிட்டு, 5,000-ஐ வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டால், வருட முடிவில் வாடகையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று மாத வீட்டுச் செலவு கையிருப்பாக நிற்கும். 2026-க்கு உனக்கு இந்த ஒரு குறிக்கோள் போதும். அதன் பிறகு அதே 5,000 காரின் முன்பணத்துக்குச் சேரட்டும்; கார் இரண்டு வருடம் தள்ளிப் போகும், ஆனால் முன்பணம் யாருக்கும் வட்டி கட்டாமல் சேரும்.

வருகிற 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூர் வருகிறேன். வங்கிப் புத்தகத்தையும் நகைக்கடன் ரசீதையும் எடுத்து வை. எண்களை ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பதால் திருத்த வேண்டியவை இருக்கும். மொய் நோட்டு உன் மனைவியிடம் இருப்பதால் அவளும் நம்மோடு உட்கார வேண்டும். நாள்வழி, அதாவது அன்றாடக் கணக்கு, எழுத ஒரு புது நோட்டை நானே கொண்டுவருகிறேன். அதுவரை சீட்டுக்காரரிடம் பெயர் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா
ஈரோடு, மார்கழி