இன்ட்ரானைக் குப்பை என்று தள்ளிவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த மரபணுக் கட்டுரை, ஈஸ்ட் செல் ‘குப்பையை வெட்டி எறிகிறது’ என்று ஒரே வரியில் இன்ட்ரான் என்கிற மரபணுத் துண்டை முடித்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன் நான், பல வருடம் இதையேதான் நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன், அந்த உறுத்தலில்தான் இந்தக் கடிதம்.

வெட்டுவது உண்மைதான். மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வின் நடுவே புரதத்துக்கு வேண்டாத துண்டு ஒன்று கிடக்கும், அதுதான் இன்ட்ரான், அதற்குள் யு-ஏ-சி-யு-ஏ-ஏ-சி என்று ஏழு எழுத்து. ஈஸ்ட்டில் இது அநேகமாக மாறுவதே இல்லை. கடைசிக்கு முந்தைய ‘ஏ’ போய்த் துண்டின் தலைப்பக்கத்தை அறுத்துத் தன்னோடு கோத்துக்கொள்ளும், துண்டு சுருக்குக் கயிறு மாதிரி வளைந்து நிற்கும், அப்புறம் வால்பக்கமும் அறுபட்டு இருபுறத்து எக்ஸான்களும், அதாவது வைத்துக்கொள்ள வேண்டிய துண்டுகளும், ஒட்டிக்கொள்ளும். இந்த வெட்டி ஒட்டும் வேலையைச் செய்கிற ஸ்ப்ளைசியோசோம் இதில் ஓர் எழுத்து பிசகினாலும் போச்சு, மும்மூன்றாக வாசிக்கிற செய்தி அங்கிருந்து உளறலாகிவிடும்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? ரொட்டி ஈஸ்ட்டின் சுமார் 6000 மரபணுக்களில் இன்ட்ரான் உள்ளவை 300-க்குள்தான், நமக்கோ ஒரு மரபணுவுக்கே சராசரியாக எட்டு. இத்தனை சிக்கனமான ஈஸ்ட் அந்த மிச்சத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது, அதிலும் மூன்றில் ஒரு பங்கு, செல் ஓயாமல் படியெடுக்கும் ரைபோசோம் (செல்லின் புரதத் தொழிற்சாலை) புரத மரபணுக்களில்.

கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகக் குழு ஒவ்வொரு இன்ட்ரானாக நீக்கிப் பார்த்து 2019-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. சத்து தீர்ந்துபோனபோது, இன்ட்ரானை இழந்த செல்களில் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்கத் தடுமாறின. பட்டினிக் காலத்தில் ரைபோசோம் புரத மரபணுக்களை அடக்கிவைக்க இன்ட்ரான்கள் உதவுகின்றன என்பது அவர்கள் முடிவு. அதே இதழில் ஓர் அமெரிக்கக் குழு, வழக்கமாக உடனே சிதைந்துபோகும் வெட்டிய துண்டுகளில் சில, பட்டினியில் சிதையாமல் செல்லுக்குள்ளேயே தங்குவதைக் காட்டியது. குப்பை செய்கிற வேலையா இது?

படத்துக்குக் கீழே ஈஸ்ட்டை பாக்டீரியா என்று போட்டிருக்கிறீர்கள், அது பூஞ்சை. இரண்டையும் சேர்த்து ஒரு திருத்தம் போடுங்கள், வெட்டி வகுப்பில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்