தலைமறைவா இருக்கறவன் இவ்வளவு சத்தமா பேசுவானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வெள்ளைக்காரன எதிர்த்து ரகசியமா போராடுனவங்கள பத்தின படங்கள்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முக்காவாசி எந்தப் படத்துல ஃபைட்டு சூப்பர், எந்த ஹீரோ மாஸ்ங்கறதுலயே போயிடுச்சு. தலைமறைவா இருக்கறவனோட முதல் வேலையே யார் கண்ணுலயும் படாம இருக்கறதுதான். நம்ம படத்துல பாத்தா அவன்தான் நடுத்தெருவுல நின்னு பக்கம் பக்கமா டயலாக் பேசுறான், பின்னாடி பிஜிஎம் வேற. ஆர்ஆர்ஆர் மேல எனக்குக் கோவம் இல்ல, அது கற்பனைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நிஜக் கதைன்னு சொல்லி எடுக்கறவங்களும் அதே ரூட்டுல போறதுதான் கடுப்பா இருக்கு.

இப்ப பங்களாதேஷ்ல இருக்கற சிட்டகாங்ல நடந்த கதைய எடுத்துக்கோங்க. 2010ல ஒரு இந்திப் படம், 2012ல இன்னொண்ணு வந்துச்சு. 1930 ஏப்ரல் 18 ராத்திரி வங்காளப் புரட்சிக்காரர் சூர்யா சென்னும் அவரோட பசங்களும் வெள்ளைக்காரனோட ஆயுதக் கிடங்குல புகுந்தாங்க, துப்பாக்கி கிடைச்சுது, அதுல போடற தோட்டா கிடைக்கல. கிளப்ல இருக்கற வெள்ளைக்காரங்கள அடிக்கலாம்னு போன கோஷ்டி, அன்னிக்கு புனித வெள்ளி, உள்ள ஆளே இல்ல. நாலு நாள் கழிச்சு ஜலாலாபாத் மலைல பெரிய சண்டை. இதெல்லாம் படத்துக்கு ஆகுற சமாச்சாரம், எடுக்கட்டும். ஆனா அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மூணு வருஷம், 1933 பிப்ரவரி வரைக்கும், அந்த மனுஷன் ஊர் ஊரா ஒளிஞ்சு திரிஞ்சாரே, யார் வீட்ல படுத்தாரு, யார் சோறு போட்டாங்க, போட்டவங்க எப்படிப் பயந்துருப்பாங்க, தலைக்குப் பரிசு அறிவிச்சிருக்கான் வேற. கடைசில நேத்ர சென்னுங்கற ஆள் காட்டிக் கொடுத்துட்டான். பரிசுப் பணம் கைக்கு வர்றதுக்குள்ள இயக்கத்து ஆள் ஒருத்தன் அவன வெட்டிட்டான், வெட்டுனவன் யாருன்னு தெரிஞ்சும் நேத்ர சென் பொண்டாட்டி போலீஸ்கிட்ட வாயே திறக்கலன்னு சொல்லுவாங்க. இந்தக் கதை ஒண்ண மட்டும் வெச்சே ஒரு முழுப் படம் பண்ணலாம் சார்.

இந்த விஷயத்துல இன்னிக்கும் மிஞ்ச முடியாதது அல்ஜீரியாவோட சுதந்திரப் போராட்டத்த பத்தி 1966ல வந்த தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்தான். உங்க கட்டுரைல அதுக்கு ரெண்டே வரி! பிரெஞ்சுக்காரன எதிர்த்து நிஜமாவே அல்ஜியர்ஸ்ல தலைமறைவு வேலை பாத்த ஸாதி யாசெஃப் அதுல நடிச்சிருக்காரு, தயாரிச்சதுலயும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு சீன்ல பிரெஞ்சு கர்னல் போர்டுல படம் போட்டு விளக்குவாரு, இயக்கத்துல ஒருத்தனுக்கு மூணு பேரத்தான் தெரியும், அவன சேத்து விட்டவன், அவன் சேத்து விட்ட ரெண்டு பேரு, அவ்ளோதான். பிடிபட்டவன் 24 மணி நேரம் அடி உதைய தாங்கிட்டா போதும், அதுக்குள்ள மத்தவங்க இடத்த மாத்திடுவாங்க. இத கேட்டப்புறம் படத்துல யார் யார்கிட்ட பேசினாலும் நமக்குப் படபடன்னு வருது. ஒரு ஸ்லோ மோஷன் கிடையாது. இன்னொண்ணு, மூணு பொண்ணுங்க கூடைல பாம் கொண்டு போற இடத்துல, அந்த கஃபேல உக்காந்துருக்கறவங்க மூஞ்சியயும், ஐஸ்க்ரீம் சாப்பிடற குழந்தையயும் கேமரா காட்டும். சுதந்திரம் வாங்குன நாட்டோட ஒத்துழைப்புல எடுத்த படம், ஆனா தன் ஆளுங்க வெச்ச பாம்ல சாகப்போற அப்பாவிங்கள மறைக்கல பாருங்க. நம்மாளுங்களுக்கு அந்த தைரியம் வர்றதே இல்ல. (2003ல ஈராக் சண்டை நேரத்துல அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்லயே இந்தப் படத்த போட்டுப் பாத்தாங்களாம், அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ.)

சர்தார் உதம் படம் ஸ்லோன்னு எழுதியிருக்கீங்க, அதுல மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். ஜாலியன்வாலா பாக் நடந்தது 1919, அப்ப பஞ்சாப் கவர்னரா இருந்த ஓட்வயர உதம் சிங் லண்டன்ல சுட்டது 1940 மார்ச் 13. 21 வருஷம் சார். அத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச ஒருத்தன் கதைய பரபரன்னு எப்படி சொல்லுவாங்க? டைரக்டர் ஷூஜித் சர்க்கார் அந்தக் காத்திருப்பத்தான் எடுத்திருக்காரு.

அடுத்த பகுதி எழுதறதா இருந்தா பொண்ணுங்கள பத்தி எழுதச் சொல்லுங்க. சூர்யா சென் கோஷ்டியிலயே ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. கல்கத்தா அலிப்பூர் ஜெயில்ல தூக்குக்குக் காத்துட்டிருந்த புரட்சிக்காரர் ராமகிருஷ்ண பிஸ்வாஸ, சொந்தக்காரப் பொண்ணுன்னு பொய் சொல்லிட்டுப் போய் பலதடவை பாத்துட்டு வந்தவங்க பிரீதிலதா வதேதார். 1932ல சிட்டகாங் பஹார்த்தலில இருந்த வெள்ளைக்காரங்க கிளப் மேல நடந்த தாக்குதலுக்கு வேவு பாக்க ஆம்பள வேஷத்துல போய் மாட்டுனவங்க கல்பனா தத்தா. இவங்க ரெண்டு பேரும் செஞ்ச வேலைல துப்பாக்கிய விட வேஷமும் பொய்யும் மூச்சு விடாம இருக்கறதும்தான் ஜாஸ்தி, அத எடுக்கறதுக்கு கிராஃபிக்ஸ் செலவு கூட கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்