அந்த அம்மாவின் இடத்தில் நின்று யோசிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளியில் சிறுகதைப் பாடம் பெரும்பாலும் ‘கதையைச் சுருக்கி எழுதுக’ என்பதோடு முடிந்துவிடுகிறது. இக்கட்டில் மாட்டிக்கொண்ட ஒருவரின் பக்கம் நின்று யோசிக்க மாணவருக்கு நேரமே கிடைப்பதில்லை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பிய கதை. மழையில், முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, அவனது பாலியல் அத்துமீறலுக்கு ஆளான கல்லூரி மாணவி, நடந்ததை அம்மாவிடம் அழுதபடி சொல்கிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் விசாரித்ததும், மழையில் நனைந்து வந்ததற்குத்தான் திட்டுகிறேன் என்று சமாளிக்கிறாள். அப்புறம் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அது ஊர் வாய்க்குப் பயந்து சொன்ன பொய்யா, மகளைக் காக்கச் சொன்ன பொய்யா? அடித்த கைதானே தண்ணீரும் ஊற்றியது, நடுவில் அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? பிளஸ் ஒன் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். தவறே செய்யாத பெண்ணை எதற்குச் சுத்தப்படுத்த வேண்டும் என்று இன்றைய மாணவிகள் நிச்சயம் கேட்பார்கள். கேட்கட்டும், மிக நியாயமான கேள்வி அது. அம்மா மறைக்காமல் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே யோசித்ததில் பிறந்ததுதான், 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். அதே வேலையை மாணவரும் செய்யலாமே! கதையில் ஒருவர் வேறு முடிவு எடுத்திருந்தால் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்.

தமிழ்த் தேர்வில் இப்படி ஒரு வினாவாவது வரட்டும். விடைக்குறிப்பு வேண்டாம், சொல்லும் காரணத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.

ஒரு வாசகர்,
திருச்சி