நள்ளிரவு 2 மணிக்குப் பதில் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவரோ செவிலியரோ உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபின், பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனநலச் செயலியின் க்யூஆர் கோடு வந்து விழுகிறது. எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற கணக்கு மேலிடத்துக்குப் போகிறது. அந்தச் செயலியை நள்ளிரவு 2 மணிக்கு வார்டிலிருந்து ஒருவர் திறந்தால் மறுமுனையில் இருப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

செயலியால் பயனே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் 199 பயிற்சி மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. பயிற்சி ஆண்டு தொடங்கும் முன்பே, வாரம் 30 நிமிடம் வீதம் 4 வாரங்களுக்கு, எண்ணப்போக்கைச் சீர்செய்யப் பழக்கும் இணையவழிச் சிகிச்சை ஒரு பிரிவினருக்குத் தரப்பட்டது. அந்த ஆண்டில் ஒருமுறையாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இந்தப் பிரிவில் 12%. பொதுவான தகவல்கள் மட்டும் அனுப்பப்பட்ட பிரிவில் 21.2%. இதில் கவனிக்க வேண்டியது காலம். வேலைப்பளு தலையில் ஏறுவதற்கு முன்பே அதை முடித்துவிட்டார்கள். நம்மூரில் இறுதியாண்டுத் தேர்வுக்கும் ஹவுஸ் சர்ஜன் பணிக்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்கள் அதற்குத் தோதானவை. தொடர்ந்து ட்யூட்டி பார்த்துவிட்டு வருபவரிடம் 'மூச்சைக் கவனியுங்கள்' என்று செயலி சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும்.

பணியில் சேரும் நாளில் மட்டும் வினாப்படிவம் நிரப்பச் சொல்வதிலும் பயனில்லை. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுக்கான அளவைத் தொட்டவர்கள் பணிக்கு முன் 3.9%, பணியாண்டில் சராசரியாக 25.7%. முதல் நாளில் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை கேட்டால்தான் மாற்றம் தெரியும்.

பெரும்பாலான கருவிகளில் இருப்பது பி.எச்.க்யூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் 9 கேள்விப் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மட்டுமே எச்சரிக்கை என்று மென்பொருளை அமைத்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ கடந்த 2 வாரங்களில் தோன்றியதா என்பதைக் கேட்பது 9-ஆவது கேள்வி. ஒருவர் மொத்தம் 7 எடுத்து அந்தக் கேள்விக்கு 1 போட்டிருந்தால், 'லேசான மனச்சோர்வு' என்று எழுதி, தூக்கத்தைப் பற்றி ஒரு காணொளியைக் காட்டி அனுப்பிவிடும் அந்த மென்பொருள். 9-ஆவது கேள்விக்கு 0 தவிர எந்த விடை வந்தாலும், கூட்டுத்தொகை எதுவாயினும், அதே திரையில் பேச ஓர் ஆள் கிடைக்க வேண்டும். எந்த ஆள், எத்தனை நிமிடத்தில், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி ஆள் வைக்க முடியாத நிர்வாகம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. மனதைத் திறந்து சொன்ன பிறகும் யாரும் வரவில்லை என்றால், சொல்லியும் பயனில்லை என்றே அவருக்குப் படும்.

மொழியும் முக்கியம். 'தற்கொலை எண்ணங்கள் மேலெழுகின்றனவா' என்ற மொழிபெயர்ப்புத் தமிழுக்கு யாரும் ஆம் என்று சொல்வதில்லை. 'இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறதா' என்றால் பேசுவார்கள். ஆனால் மதிப்பெண் போடும் படிவத்தில் நினைத்தபடி சொல்லை மாற்றினால் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லாமல் போகும். சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பேச்சுத்தமிழை ஆலோசகரின் உரையாடலுக்கு விடுவதே சரி.

அடுத்தது பயம். பணியாளர் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டு உள்ளே விடும் செயலியில் எந்தப் பிஜி (முதுநிலை) மாணவரும் உண்மையை எழுத மாட்டார். துறைத்தலைவருக்குத் தெரிந்துவிடுமோ, தேர்வில் கை வைத்துவிடுவார்களோ என்ற அச்சம் வீணானதல்ல. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் 2009-இல் தொடங்கி, பின்னர் செவிலியருக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. பெயர் சொல்லாமல் இணையத்தில் படிவம் நிரப்பலாம். ஆலோசகர் படித்துவிட்டு அதே தளத்தில் பதில் எழுதுவார். பெயர் தெரியாமலேயே இருவரும் உரையாடலாம். நேரில் வருவதா வேண்டாமா என்பது நிரப்பியவரின் முடிவு. இதே ஏற்பாட்டை இங்கே செய்யத் தனிப்பட்ட பயனர்பெயரும் மருத்துவமனைக்கு வெளியே உள்ள சர்வரும் போதும். ஒரு எச்சரிக்கை: 6 பிஜிக்கள் மட்டுமே உள்ள துறைக்குச் சராசரி மதிப்பெண் வெளியிட்டால் யார் என்று ஒரு தேநீர் நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். 10 பேருக்குக் குறைந்த பிரிவின் கணக்கை நிர்வாகத்துக்குக் காட்டக்கூடாது. லாக் ஸ்கிரீனில் செயலியின் பெயரோடு அறிவிப்பு வருவதையும் நிறுத்திவைக்க வேண்டும். ரவுண்ட்ஸ் நடுவே மேசைமேல் கிடக்கும் போனை எல்லோரும்தான் பார்க்கிறார்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசியக் காப்பை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளும் அதில் உண்டு. எந்த நிலையில் யாரிடம் சொல்லப்படும் என்பதை முதல் திரையிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுவது நேர்மை. அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. எம்.எல்.சி. (காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும் மருத்துவ-சட்ட வழக்கு) பதிவைக் கண்டு அஞ்சும் பணியாளர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்கும் 14416 என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தேசியத் தொலைபேசி மனநலத் திட்டத்தின் பகுதி. நல்ல சேவை. மருத்துவப் பணியாளருக்கு மட்டும் அதில் ஒரு முட்டுக்கட்டை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார். அழைத்தவர் அதே கல்லூரியில் வேலை பார்ப்பவர் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பது அவருடைய சீனியராகவே இருக்கலாம். மருத்துவப் பணியாளரை வேறு மாவட்டத்து மனநல மருத்துவரிடம் காணொளி வழியே அனுப்பத் தனி விதி தேவை. இதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம்.

இந்தக் கருவிகளில் எங்களுக்கு அதிக நம்பிக்கை உள்ளது, நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் பாதுகாப்புத் திட்டம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இதையும் தொடர் தொலைபேசி அழைப்புகளையும் சேர்த்துத் தந்தபோது, அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45% குறைவாக இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. திட்டத்தில் 6 படிகள். நெருக்கடி வருகிறது என்பதைக் காட்டும் தன் அறிகுறிகள், தானே செய்துகொள்ளக் கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக் கூடியவர்கள், மருத்துவ உதவி எண்கள், கடைசியாகச் சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல். ஆஸ்திரேலியாவின் 'பியாண்ட்நவ்' போன்ற செயலிகள் இதைப் போனிலேயே வைத்துக்கொள்ள உதவுகின்றன.

தனியாக உட்கார்ந்து நிரப்பினால் அது வெறும் படிவம்தான். ஆலோசகரோடு 20 முதல் 45 நிமிடம் உட்கார்ந்து எழுத வேண்டும். 'நடைப்பயிற்சி' என்று எழுதினால் போதாது. இரவு ட்யூட்டி நடுவே முடியுமா என்று கேட்க வேண்டும். கேன்டீன் மூடியிருக்கும் நேரத்தில் எந்த இடம் என்று கேட்க வேண்டும். நான்காவது படியில் உள்ளவர்களில் ஒருவராவது அதே யூனிட்டைச் சேராதவராக, இரவில் போன் எடுப்பவராக இருக்க வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவும் வேண்டும். ஆறாவது படிதான் மருத்துவமனையில் கடினம், ஏனெனில் வேலையிடமே மருந்துகள் நிறைந்த இடம். ஒருவரிடமிருந்து மட்டும் மருந்து அலமாரிச் சாவியைப் பிடுங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். எல்லோருக்கும் இருவர் கையொப்ப முறையும் சுழற்சிப் பொறுப்பும் இருந்தால் யாரையும் சுட்டாமல் காரியம் நடக்கும். இணையம் இல்லாமலும் திட்டம் திறக்க வேண்டும். வார்டுகள் பலவற்றில் சிக்னலே எட்டாது.

மனச்சோர்வு, தற்கொலைத் தடுப்பு ஆகியவற்றுக்கான 69 செயலிகளை ஆராய்ந்த 2019 ஆய்வில், 6 செயலிகளில் இருந்த நெருக்கடி உதவி எண் தவறானது அல்லது இல்லாதது. அவற்றில் இரண்டு 10 லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டவை! மாதத்துக்கு ஒருமுறை, பகலிலும் நள்ளிரவிலும், ஒவ்வொரு எண்ணையும் அழுத்திப் பார்க்க ஒருவரை நியமிக்கச் செலவே ஆகாது. அந்தச் சோதனையில் யார் எடுத்தார், எத்தனை முறை மணி ஒலித்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் தந்த அறிக்கையில், இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்த 25,590 இளநிலை மாணவர்களில் 16.2% பேருக்கும் 5,337 முதுநிலை மாணவர்களில் சுமார் 31% பேருக்கும் முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் பதிலளித்த கணக்கு என்பதால் விழுக்காடு சற்று முன்பின் இருக்கலாம். அதே குழு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றது. ட்யூட்டி ரோஸ்டரைத் தொடாமல் செயலியை மட்டும் வாங்கும் நிர்வாகத்திடம் இந்த 74-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தொகுப்பூதியச் செவிலியர், ஆய்வக நுட்பநர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஆகியோர் அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. பணியாளர் எண் இல்லாததால் பல செயலிகளில் அவர்களால் நுழையவே முடிவதில்லை.

இதைப் படிக்கும் மருத்துவப் பணியாளர் யாருக்கேனும் இப்போதே பாரமாக இருந்தால் 14416 அல்லது 104-ஐ அழைக்கலாம். எந்த மருத்துவமனை என்று சொல்லாமலும் பேசலாம்.

இப்படிக்கு,
மனநலப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.